விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு வருகிறேன், முதல் லேப்டாப் எதை வாங்குவது?

மெய்ப்புக்காரி:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல்லில் வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்தும் வேலை பார்க்கிறேன். பதிப்பகங்கள் அனுப்புகிற கோப்பைத் திருத்தித் திருப்பி அனுப்புவது, இடையிடையே கொஞ்சம் மொழிபெயர்ப்பு, அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் எனக்கென்று ஒரு லேப்டாப் இருந்ததில்லை. அப்பா டிடிபி கடையை மூடியபோது வீட்டுக்கு வந்த டெஸ்க்டாப்பில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், பழைய ஹார்டு டிஸ்க். காலையில் ஆன் செய்துவிட்டு வாசலில் கோலம் போட்டு முடித்து வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

அதில் இருப்பது விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-உடன் அதற்கு ஆதரவை முடித்துவிட்டார்கள். விண்டோஸ் 11 போடலாம் என்றால் எட்டாம் தலைமுறை ப்ராசசர் வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்கிறது, என் பெட்டியில் இரண்டும் இல்லை. எப்படியும் புதிதாக ஒன்று வாங்கப் போகிறேன், லிப்ரே ஆபீஸ் ஏற்கெனவே பழக்கம், அதனால் லினக்ஸுக்கே போய்விடலாமே என்று ஒரு ஆசை. பட்ஜெட் 35,000, இழுத்துப் பிடித்தால் 40.

அக்கா வீட்டு மாமா "எதற்குப் பழசு, தவணையில் ஒரு கேமிங் லேப்டாப் வாங்கிப் போடு, பத்து வருடத்துக்குக் கவலை இல்லை" என்கிறார். எனக்குக் கேம் ஆடத் தெரியாது. ஆனால் கடையில் போய் நின்றால் அவர் சொன்னதுதான் நடக்கும் போலிருக்கிறது, அதனால்தான் அதற்கு முன்னால் இங்கே கேட்கிறேன்.

என் கவலைகள்: பழசா புதுசா? தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்கிறேன் (விண்டோஸில் என்எச்எம் ரைட்டர் என்ற நிரல்), அது லினக்ஸில் அப்படியே வருமா? அப்பா காலத்துக் கோப்புகள் முழுக்கப் பாமினி எழுத்துருவிலும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளிலும் கிடக்கின்றன, அவை என்ன ஆகும்?

பழையசரக்கு:

வாங்க. மாமா சொன்னதைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் ஒன்று: லேப்டாப் தேடுவதை இரண்டு வாரம் தள்ளி வையுங்கள். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையை ஏற்றி, அந்த டெஸ்க்டாப்பிலேயே லைவாக ஓட்டிப் பாருங்கள். எதையும் அழிக்காது, பென்டிரைவிலிருந்தே ஓடும், பிடுங்கினால் பழைய விண்டோஸ் வந்துவிடும். மெதுவாகத்தான் இருக்கும், ஆனால் உங்கள் வேலைக்கு இது ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். பெரும்பாலானோர் லேப்டாப் வாங்கிய பிறகுதான் லினக்ஸைப் பார்க்கிறார்கள், பிடிக்கவில்லை என்றால் லேப்டாப்பைத் திட்டுகிறார்கள்.

பென்டிரைவைப் பத்திரமாக வையுங்கள், கடைக்குப் போகும்போதும் அதுதான் உங்கள் துணை. சொல்கிறேன்.

இப்போது பழசா புதுசா. மெய்ப்புத் திருத்தத்துக்கு என்னைக் கேட்டால், அலுவலகங்களில் ஓடி முடித்து வெளியே வருகிற பிசினஸ் லேப்டாப்தான். லெனோவா திங்க்பேட் டி480, எச்பி எலைட்புக் 840 ஜி5 மாதிரி. இரண்டும் 2018 சரக்கு, எட்டாம் தலைமுறை இன்டெல். ஏன் இவை லினக்ஸுக்குப் பொருத்தம் என்றால், இவற்றில் பெரும்பாலும் வைஃபையும் இன்டெல், கிராஃபிக்ஸும் இன்டெல். அவற்றின் டிரைவர்கள் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே இருக்கின்றன, தனியாக எதையும் தேடி ஏற்ற வேண்டாம். இரண்டிலும் ராம் போட இரண்டு இடம் உண்டு, இப்போது 8 ஜிபி போதும், பிறகு கூட்டிக்கொள்ளலாம். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக்கிடக்கிறது, அதனால் முடிந்தால் 16 ஜிபி இருக்கிற பெட்டியாகவே பேசி வாங்குங்கள்.

கடைக்காரர் "ஐ5 இருக்கு, ஐ7 இருக்கு" என்றுதான் சொல்வார். அந்தப் பெயரை நம்பாதீர்கள், பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். 8250 என்றால் எட்டாம் தலைமுறை, 7600 என்றால் ஏழாம் தலைமுறை. ஐ7-7600யு-வில் இரண்டே கோர், ஐ5-8250யு-வில் நான்கு. ஐ7 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதால் விலையும் கூடச் சொல்வார்கள், வேலை செய்வதென்னவோ ஐ5-தான். இந்த ஒரு இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

திரையைப் பாருங்கள். டி480-இலேயே 1366×768 திரையோடு வந்ததும் உண்டு, 1920×1080 திரையோடு வந்ததும் உண்டு. நாள் முழுக்க ஒற்று மிகுமா மிகாதா என்று பார்க்கிறவருக்கு முதல் வகை ஆகவே ஆகாது. புள்ளியா தூசியா என்று தெரியாது.

பேட்டரி கட்டாயம் தேய்ந்திருக்கும். டி480-இல் உள்ளே ஒன்று, பின்னால் கழற்றி மாட்டுகிற மாதிரி ஒன்று என்று இரண்டு உண்டு. பின்னால் இருப்பதை மாற்ற ஸ்குரூ டிரைவர்கூட வேண்டாம். பேட்டரிக்கென்று ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கிவிட்டு மீதிக்கு விலை பேசுங்கள். இன்னொன்று, டி480 வாங்கினால் தண்டர்போல்ட் ஃபர்ம்வேரை (டைப்-சி போர்ட்டை இயக்குகிற உள்நிரல்) புதுப்பித்துவிடுங்கள். அந்தக் காலத்து ஃபர்ம்வேரில் டைப்-சி போர்ட்டைக் கெடுக்கிற பிழை ஒன்று இருந்தது, பிறகு லெனோவாவே திருத்தம் வெளியிட்டார்கள்.

கணக்குப்பிள்ளை:

எல்லோரும் லினக்ஸ் லினக்ஸ் என்று கூப்பிடுவதற்கு முன்னால் திரும்பிப் போன ஒருவனின் கதையையும் கேட்டுவிடுங்கள் அக்கா.

எனக்கு +2-வில் அரசு கொடுத்த லேப்டாப்பில் ஆன் செய்தவுடன் இரண்டு பெயர் வரும், விண்டோஸ் ஒன்று, போஸ் லினக்ஸ் ஒன்று. சென்னை சி-டாக்கில் செய்தது என்று பிறகுதான் தெரியும். வகுப்பில் அத்தனை பேரும் அம்புக்குறியை விண்டோஸுக்கு நகர்த்தி என்டர் தட்டுவோம், மற்றது எதற்கென்று ஆசிரியரும் சொன்னதில்லை. அப்படி விட்டதைப் பிடிக்கலாம் என்று நான்கு வருடத்துக்கு முன் புது லேப்டாப் வாங்கி, பெட்டியைப் பிரித்த அன்றே விண்டோஸை அழித்து உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டேன். எல்லாம் வந்தது, வைஃபை மட்டும் வரவில்லை. அதில் இருந்த வைஃபை சில்லுக்கு அப்போது டிரைவரே இல்லை. மூன்று வாரம் போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி இணையம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் "விண்டோஸ் போட்டுக் கொண்டு வாங்க, பார்க்கிறோம்" என்றார்கள்.

அதைக்கூடச் சமாளித்தேன். ஆனால் என் தொழில் கணக்கு எழுதுவது, டேலி விண்டோஸுக்குத்தான் செய்திருக்கிறார்கள். விண்டோஸ் நிரல்களை ஓட்டித் தருகிற வைனை லினக்ஸுக்குள் போட்டு ஓட்டலாம் என்றார்கள், ஓட்டவும் செய்தேன், ஆனால் 20-ம் தேதி ஜிஎஸ்டி தாக்கல் செய்ய உட்கார்ந்திருக்கும்போது அது திக்கினால் வாடிக்கையாளரிடம் போய் வைன் பற்றி விளக்கம் சொல்ல முடியுமா? விண்டோஸுக்கே திரும்பிவிட்டேன், வெட்கமில்லை.

உங்கள் பேஜ்மேக்கரும் அந்தக் கதைதான். அதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும், லேப்டாப் எந்த மாடல் என்பது அப்புறம். பழைய பெட்டி வாங்குவதிலும் எனக்கு உடன்பாடில்லை. யார் யார் கை மாறி வந்ததோ, வாரண்டி என்று ஒரு மாதம் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள்.

அரைப்புள்ளி:

கணக்குப்பிள்ளை சொன்னதில் பாதி சரி. கோப்புகளைப் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டும். அதனால் அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன், லேப்டாப் சண்டையை மற்றவர்கள் போடட்டும்.

தமிழ்99 வரும், கவலை வேண்டாம். ஆனால் ஒரு குழி இருக்கிறது. மின்ட்டின் கீபோர்டு அமைப்பில் "தமிழ்நெட் 99" என்ற பெயரில் ஒரு தளவமைப்பு கிடைக்கும், ஆகா என்று அதைச் சேர்த்துவிடுவீர்கள். அது விசைக்கு எழுத்து என்று நேரடியாகப் போடுவது மட்டும்தான், தமிழ்99-இன் விதிகள் அதற்குத் தெரியாது. க-வை இரண்டு முறை தட்டினால் க்க வர வேண்டும், ங-வும் க-வும் தட்டினால் ங்க வர வேண்டும், தானாகப் புள்ளி விழுவதுதானே தமிழ்99-இன் சுகமே. அதற்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரலையும் அதோடு எம்17என் தொகுப்பையும் ஏற்றி, அந்தப் பட்டியலில் வருகிற தமிழ்99-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். சேர்த்த பிறகு ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். நான் முதல் தடவை தவறான தளவமைப்பைச் சேர்த்துவிட்டு, லினக்ஸில் தமிழே சரியில்லை என்று நண்பர்களிடம் ஒரு வாரம் புலம்பிக்கொண்டு திரிந்தேன்.

பாமினிக்கு வருகிறேன். பாமினிக் கோப்பு என்பது உண்மையில் தமிழே இல்லை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், மேலே தமிழ் முகமூடி. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் நடுநடுவே அரைப்புள்ளியுமாகக் கொட்டும், அந்த அரைப்புள்ளிகள்தான் நம் மெய்யெழுத்தின் புள்ளிகள். (என் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.) அதனால் லினக்ஸில் அதைப் படிக்க அந்த டிடிஎஃப் கோப்பை எழுத்துருக் கோப்புறையில் போட்டால் போதும், லிப்ரே ஆபீஸில் அப்படியே தெரியும். அப்பாவின் டெஸ்க்டாப்பிலிருந்து எழுத்துருக்கள் அத்தனையையும் இன்றைக்கே ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். ஹார்டு டிஸ்க் போனால் பாமினி இணையத்திலேயே கிடைக்கும், ஆனால் அந்தக் காலத்து டிடிபி கடைகளில் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தார்கள், அவை இனிமேல் கிடைப்பது கஷ்டம்.

யுனிகோடுக்கு மாற்றவும் வழி உண்டு. ஓப்பன்-தமிழ் என்று ஒரு பைத்தான் தொகுப்பு, பாமினி, டிஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களையெல்லாம் மாற்றித் தரும். நடுவில் ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழ் என்று நினைத்து மாற்றித் தொலைக்கும், அதனால் மாற்றிய பின் ஒரு மெய்ப்பு பார்க்க வேண்டும். அது உங்கள் தொழில்தானே.

பேஜ்மேக்கர் கோப்புதான் சிக்கல். நேராகத் திறக்க லினக்ஸில் நம்பகமான வழி என்று நான் எதையும் சொல்ல மாட்டேன். பழைய டெஸ்க்டாப்பை இணையத்திலிருந்து பிடுங்கிவிட்டு அதற்கென்றே ஒரு மூலையில் வைத்திருங்கள். தேவைப்படும் கோப்பை அங்கேயே திறந்து, உரையை மட்டும் வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். இனிமேல் செய்யும் பக்க வடிவமைப்புக்கு ஸ்க்ரைபஸ் இருக்கிறது. யாராவது "அதில் தமிழ் உடையும்" என்று சொன்னால் அவர் 1.4 வரிசையைப் பார்த்தவர். அதில் கொம்பு எழுத்துக்கு வலப்பக்கம் போய் நிற்கும், பார்த்தாலே அழுகை வரும். 2017-இல் வந்த 1.5.3-இல் அதைச் சரிசெய்தார்கள், 2024 தொடக்கத்தில் வந்த 1.6 நிலையான பதிப்பிலும் தமிழ் ஒழுங்காக வருகிறது.

மெய்ப்புக்காரி:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாளாகப் பென்டிரைவ் மின்ட்டில்தான் இருக்கிறேன்.

அரைப்புள்ளி அண்ணா, நீங்கள் சொன்ன அதே குழியில் நானும் விழுந்தேன், படித்த பிறகும் விழுந்தேன். "தமிழ்நெட்" என்று கண்ணில் பட்டதும் கை போய்விட்டது. இப்போது ஐபஸில் சரியாக வருகிறது. லைவாக ஓட்டுவதால் ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் மறுபடி ஏற்ற வேண்டியிருக்கிறது, ஆனாலும் இரண்டு அத்தியாயம் திருத்தி அனுப்பிவிட்டேன், பதிப்பகத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இப்போது புதுச் சிக்கல். மாமா ஒரு தள்ளுபடி விளம்பரத்தை அனுப்பியிருக்கிறார். என்விடியா கிராஃபிக்ஸ் உள்ள கேமிங் லேப்டாப், பட்ஜெட்டைவிட இருபதாயிரம் அதிகம், மீதியை அவரே கட்டுவதாகச் சொல்கிறார். மறுக்க முடியாத இடம். லினக்ஸுக்கு அது ஆகாது என்று சொல்லிவிடலாமா, பொய்யாக இருக்கக் கூடாது.

புதுப்பெட்டி:

ஆகாது என்று சொன்னால் பொய்தான். என்விடியா லினக்ஸில் ஓடும், மின்ட்டில் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் எந்த டிரைவர் ஏற்ற வேண்டும் என்று அதுவே காட்டும். செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஆனில் இருந்தால் ஏற்றும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும், அடுத்த முறை ஆன் ஆகும்போது நீலத் திரையில் அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும், அதைக் கவனிக்காமல் என்டர் தட்டிவிட்டுத்தான் பலர் "டிரைவர் வேலை செய்யவில்லை" என்று வந்து நிற்கிறார்கள். இதெல்லாம் தெரிந்தவருக்குப் பெரிய விஷயமில்லை. ஆனால் உங்களுக்கு எதற்கு? இரண்டு கிலோவுக்கு மேல் எடை, செங்கல் மாதிரி ஒரு சார்ஜர், ஃபேன் சத்தம், பேட்டரி சீக்கிரம் காலி. அந்த கிராஃபிக்ஸ் சில்லு உங்கள் வேலையில் ஒரு நிமிடம்கூட விழிக்காது. மாமாவிடம் "கனம் அதிகம், தூக்கிக்கொண்டு திரிய முடியாது" என்று சொல்லுங்கள், அது உண்மை.

ஆனால் பழையசரக்கோடும் நான் ஒத்துப்போகவில்லை. நம்மூர்ச் சின்ன ஊர்களில் பழைய லேப்டாப் கெட்டால் தூக்கிக்கொண்டு மதுரைக்கோ கோவைக்கோ ஓட வேண்டும். 35-லிருந்து 40-க்குள் புதிதாகவே சாதாரண லேப்டாப் பார்க்கலாம். விண்டோஸ் இல்லாமல் "டாஸ் லேப்டாப்" என்று விற்பவையும் உண்டு, உபுண்டு போட்டே வருவதும் உண்டு, கேட்டுப் பாருங்கள். புதிதில் பார்க்க வேண்டியது வைஃபை சில்லு. இன்டெல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மீடியாடெக் என்றால் எந்த எண் என்று பார்க்க வேண்டும், எம்டி7921-க்கு 5.12 கர்னலிலிருந்தே டிரைவர் இருக்கிறது, எம்டி7902-க்கு நெடுநாள் இல்லாமலேயே இருந்தது. கடைக்காரருக்கு இது தெரியாது, பெட்டியின் மேலும் எழுதியிருக்காது, கடையில் இருக்கும் டெமோ லேப்டாப்பில் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பார்த்தால் தெரியும். அதே மாடலிலேயே வெவ்வேறு சில்லு போட்டு வருவதும் உண்டு என்பதால், நீங்கள் எடுத்துப்போகும் பெட்டியையே பார்ப்பது நல்லது.

விண்டோஸ் 11-ஓடு வருகிற புது லேப்டாப் வாங்கினால் இன்னும் இரண்டு விஷயம். வட்டைப் பெரும்பாலும் என்கிரிப்ட் செய்தே வைத்திருக்கும், அதனால் பயாஸில் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் ஓடுகிற அடிப்படை அமைப்பு) கை வைப்பதற்கு முன் பிட்லாக்கர் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சில லேப்டாப்களில் லினக்ஸ் இன்ஸ்டாலருக்கு எஸ்எஸ்டியே கண்ணுக்குத் தெரியாது. பயந்துவிட வேண்டாம், வட்டு இன்டெல் ஆர்எஸ்டி முறையில் இருக்கிறது என்று அர்த்தம், பயாஸில் ஏஎச்சிஐ என்று மாற்றினால் தெரியும். விண்டோஸையும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் மட்டும் அவசரப்பட்டு மாற்றாதீர்கள், முதலில் விண்டோஸைச் சேஃப் மோடில் எழுப்பிவிட்டுத்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அது எழாது. விண்டோஸை முழுசாக அழித்தாலும் உரிமம் போய்விடாது. சாவி பயாஸுக்குள்ளேயே இருக்கும், பிறகு எப்போது அதே பதிப்பைப் போட்டாலும் தானாக எடுத்துக்கொள்ளும்.

பழையசரக்கு:

புதுப்பெட்டி சொல்வதில் வாரண்டி நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் 35,000-க்குப் புதிதாக வரும் லேப்டாப்பில் ராம் பலகையோடு ஒட்டிப் பற்றவைத்து வருவதும், கீபோர்டு தட்டத் தட்ட நடுவில் அமுங்குவதும் சகஜம். அக்கா நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறவர். கீபோர்டுதான் அவருக்கு லேப்டாப், மற்றதெல்லாம் கூட வருவது. பழைய பிசினஸ் பெட்டியில் கீபோர்டு நன்றாக இருக்கும், கெட்டாலும் தனியாக வாங்கி மாற்றலாம்.

சரி, அந்தக் கணக்கைப் பாருங்கள். பழசு எடுத்தால் பட்ஜெட்டில் கணிசமாக மிஞ்சும். அந்தப் பணத்தில் ஒரு 24 அங்குல மானிட்டர் வாங்கிச் செங்குத்தாகத் திருப்பி வையுங்கள், ஸ்டாண்டு திரும்புகிற மாதிரி பார்த்து வாங்க வேண்டும். மின்ட்டின் டிஸ்ப்ளே அமைப்பில் சுழற்றிக்கொள்ளலாம். ஒரு முழுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை உருட்டாமல் கண் முன்னால் நிற்கும். மெய்ப்புத் திருத்துகிற இரண்டு பேருக்கு இப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன், இருவரும் லேப்டாப்பைப் பற்றிப் பேசவில்லை, மானிட்டரைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

பழசுதான் என்று முடிவானால் கடையில் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். போவதற்கு முன்பே போனில் "என் பென்டிரைவைப் போட்டுப் பார்ப்பேன்" என்று சொல்லிவிடுங்கள், மாட்டேன் என்றால் அந்தக் கடையே வேண்டாம், சென்னை ரிச்சி தெரு மாதிரி கணினிக் கடைகள் நிறைந்த இடத்தில் அடுத்த கடைக்காரர் விடுவார். முதலில் பயாஸுக்குள் போங்கள், திங்க்பேடில் எஃப்1. கடவுச்சொல் கேட்டால் அந்தப் பெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள். அது பழைய கம்பெனி போட்டுவைத்த பூட்டு, டி480 காலத்துப் பெட்டிகளில் முறைப்படி எடுக்க வேண்டும் என்றால் மதர்போர்டையே மாற்ற வேண்டும், கடைக்காரர் "அதெல்லாம் சும்மா சார்" என்பார், சும்மா இல்லை. பிறகு எஃப்12 தட்டிப் பென்டிரைவிலிருந்து எழுப்புங்கள், எச்பி என்றால் எஃப்9. உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் வைஃபை இணைகிறதா, ஒலி வருகிறதா, வெளிச்சம் கூட்டும் விசை வேலை செய்கிறதா பாருங்கள். அப்புறம் மூடியை மூடி ஐந்து நிமிடம் விட்டுத் திறங்கள், தூங்கி எழுகிறதா என்பதில்தான் லேப்டாப்பின் குணம் தெரியும். பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற நிரலில் பேட்டரி புதிதில் எத்தனை வாட்-மணி, இப்போது எத்தனை நிரம்புகிறது என்று இருக்கும், பாதிக்குக் கீழே இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். கடைசியாக ஏதாவது எடிட்டரைத் திறந்து ஒவ்வொரு விசையாகத் தட்டிப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:

மானிட்டர் யோசனை நன்றாக இருக்கிறது. அதற்கு மட்டும் என் ஓட்டு. பழசு பற்றி என் கருத்தை மாற்றவில்லை.

மெய்ப்புக்காரி:

வாங்கிவிட்டேன். ஒரு திருமணத்துக்காகச் சென்னை போயிருந்தேன், மண்டபத்திலிருந்து பட்டுச் சேலையோடு நேராக ரிச்சி தெருவுக்குப் போனேன், கூட மாமாவும் வந்தார். முதல் கடையில் பென்டிரைவ் என்றதும் "வைரஸ் வந்துடும்மா" என்றார்கள். இரண்டாவது கடையில் விட்டார்கள், ஆனால் அவர்கள் காட்டிய முதல் பெட்டியிலேயே பயாஸ் கடவுச்சொல் கேட்டது. நான் கீழே வைத்ததும் கடைப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான், அதற்குப் பிறகு அவன் உள்ளே போய் எடுத்து வந்ததெல்லாம் நல்ல பெட்டிகள். மாமா அதுவரை போனில் கேமிங் லேப்டாப் விலை பார்த்துக்கொண்டிருந்தவர், பயாஸ் விஷயத்துக்குப் பிறகு அவரே "பேட்டரி எவ்வளவு நிரம்புது, அதைக் காட்டு" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

கடைசியில் எடுத்தது டி480, ஐ5-8350யு, 16 ஜிபி, 1920×1080 திரை. 23,500 சொன்னார்கள், பின் பேட்டரி பாதிதான் நிரம்பியது என்று காட்டி 21,000-க்கு முடித்தோம். மூடியை மூடித் திறந்தபோது எழுந்தது. மின்ட் ஏற்ற இருபது நிமிடம்கூட ஆகவில்லை. தண்டர்போல்ட் ஃபர்ம்வேரைப் பார்த்தேன், முன்பு வைத்திருந்தவர்களே புதுப்பித்திருக்கிறார்கள். மானிட்டர் அடுத்த மாதம். பேஜ்மேக்கருக்காகப் பழைய டெஸ்க்டாப் இணையம் இல்லாமல் அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, எழுத்துருக்களைப் பிரதி எடுத்தாகிவிட்டது, எண்ணிப் பார்த்தால் நூற்றுக்கும் மேல். பாதிக்குப் பெயரே அப்பா வைத்தது போலிருக்கிறது.

ஒரே ஒரு சந்தேகம். நான் வேலை முடித்ததும் அப்பா இதில் உட்காருகிறார். அவருக்குத் தமிழ்99 வராது, தமிழ்த் தட்டச்சுப் பொறியில் கற்றுக்கொண்டவர், அந்த விசை வரிசைதான் விரலில் இருக்கிறது. அது கிடைக்குமா?

அரைப்புள்ளி:

அதே ஐபஸ் பட்டியலில் எம்17என்-இலேயே "டைப்ரைட்டர்" என்று இருக்கும், அதையும் சேர்த்துவிடுங்கள். தமிழ்99, டைப்ரைட்டர், ஆங்கிலம் மூன்றையும் வரிசையாக வைத்தால் ஒரே விசைச் சேர்க்கையில் மாறி மாறி வரும். யார் உட்கார்ந்தாலும் முதலில் மூலையில் எது இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அப்பா அடித்ததற்கு நீங்கள் மெய்ப்பு பார்க்க வேண்டிவரும்.